செதில் கொட்டுற மேசைக் கதிரைக்கு வீட்டிலயே புது ஸ்பொஞ், புதுத் துணி போடுறது எப்பிடி

என்ர மேசைக் கதிரை செதில் கொட்டத் தொடங்கினது முதுகுப் பக்கத்திலதான். முதல் ஒரு சின்ன வெடிப்பு, பேந்து பாம்பு செட்டை கழட்டுற மாதிரி உரிஞ்சு உரிஞ்சு நிலமெல்லாம் கறுப்புத் துகள். அம்மா விடிய கூட்டேக்க ஒருக்கா பேசுவா, பின்னேரம் கூட்டேக்க மிச்சத்தைப் பேசுவா. கறன்ற் இல்லாத நேரத்தில வேர்த்த முதுகோட சாய்ஞ்சிருந்திட்டு எழும்பினா அந்தத் துகள் சேட்டில அப்பிடியே ஒட்டியிருக்கும், அதோடயே ஒருநாள் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக் கை கழுவேக்கதான் ஒரு மாமி "என்ன தம்பி முதுகெல்லாம் சருகு" எண்டு தட்டிவிட்டவ. அண்டைக்கு முடிவெடுத்தனான், இந்தக் கதிரைக்கு ஒரு வழி பண்ணுறதெண்டு.

இதுவரைக்கும் ரெண்டு கதிரை செய்திருக்கிறன். முதலாவதைப் பழுதாக்கித்தான் ரெண்டாவதைப் பழகினனான், அதால நான் விட்ட பிழையளையும் சேர்த்தே எழுதுறன். தையல் தெரியாட்டியும் பரவாயில்லை, எனக்கும் தெரியாது. ரூபாய்க் கணக்கு மட்டும் எழுதேல்ல, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கட கடையளில விலை போற போக்குக்கு நான் இண்டைக்கு எழுதினது நீங்கள் போகேக்க பொய்யாப் போடும். எதில காசைப் பிடிக்கலாம், எதில பிடிக்கக்கூடாது எண்டு மட்டும் சொல்லுறன்.

முதல்ல ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. உந்தச் செதில் கொட்டுறது தோல் இல்லை. மெல்லிசான துணியில பொலியூரித்தேன் எண்ட பிளாஸ்ரிக்கை ஒரு படையாப் பூசி தோல் மாதிரிக் காட்டினது, அந்தப் படை காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து உள்ளுக்க இருந்தே உடையும், சூடு கூடினா இன்னும் கெதியா உடையும். எங்கட ஊரில சூடும் இருக்கு, ஐப்பசி கார்த்திகையில ஈரமும் இருக்கு, கதிரை நிக்கிறதும் யன்னலோரம், பிறகென்ன. அதால கம் பூசி ஒட்டுறது, கறுப்பு ரேப் சுத்துறது, சப்பாத்துப் பொலிஷ் தேய்க்கிறது (நான் தேய்ச்சனான், பேந்து காற்சட்டையும் கறுப்பு) ஒண்டுக்கும் சரிவராது, ஒரு இடத்தை ஒட்ட பக்கத்தில வெடிக்கும். பழைய றெக்சின் வேற சாதி, அது உரியாது, நாள் போகப் போக இறுகி விறைச்சு வெடிக்கும். ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான், கழட்டி எறிஞ்சிட்டு வேற போடுறது.

கதிரை அதுக்குப் பெறுமதியோ எண்டு பாருங்கோ

துணிக்குக் காசு செலவழிக்க முந்தி கதிரையைக் கவிட்டுப் போட்டு அஞ்சு நிமிசம் பாருங்கோ. கீழ நட்சத்திரம் மாதிரி அஞ்சு கால் இருக்கெல்லோ, அது பிளாஸ்ரிக் எண்டா நடுவில வெடிப்பு இருக்கோ எண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ, வெடிச்சிருந்தா அந்தக் கதிரையை விடுங்கோ, ஆள் இருக்கேக்க உடைஞ்சா துணி எவ்வளவு வடிவா இருந்தும் என்ன. சில்லு போனா சில்லு மாத்தலாம். உயர்த்தித் தாழ்த்துற தண்டு நிக்காம மெல்ல மெல்ல இறங்குதெண்டா அதையும் புதுசா வேண்டி மாத்தலாம், ஆனா அதை வெட்டிப் பாக்கிறது, துளைக்கிறது, சூடாக்கிறது கூடவே கூடாது, உள்ளுக்க நைதரசன் வாயுவை அழுத்தத்தில அடைச்சுக் கிடக்கு, வெடிச்சா ஆளையே கொல்லும்.

பிறகு சீற்றுக்கு அடியில இருக்கிற பிளைவூட்டைத் தட்டிப் பாருங்கோ. கறையான் அரிச்சதெண்டா சத்தம் பொத்தெண்டு வரும். அப்பிடியிருந்தாலும் சோலி இல்லை, பழைய பலகையை அச்சா வைச்சு 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில புதுசு வெட்டுவிக்கலாம், ஆனா பழையது வளைஞ்ச பலகையெண்டா தட்டைப் பலகையில அந்தச் சுகம் வராது. மற்றது மூட்டைப்பூச்சி. வேற ஆக்களிட்ட வேண்டின கதிரை எண்டா வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ, முத்தத்திலயே கழட்டி பழைய ஸ்பொஞ்சையும் துணியையும் அங்கயே முடிச்சுப் போடுங்கோ.

சாமான்

ஸ்ரேபிள் கன் ஒண்டு வேணும், கொப்பி குத்துறது இல்லை, கையால அமத்தி அடிக்கிற இரும்புக் கன். குத்தூசி 8 மில்லிமீற்றர் நீளம் காணும், 12 மில்லிமீற்றர் பலகையில அதுக்கு மேல போகத் தேவையில்லை. ஒரு கதிரைக்காகக் கன் வேண்டவேண்டாம், கதவு யன்னலுக்கு நுளம்பு வலை அடிக்கிற ஆரும் பக்கத்தில இருப்பினம், ஒருநாள் இரவல் கேளுங்கோ. கன் கிடைக்கவே இல்லையெண்டா சப்பாத்துத் தைக்கிறவை பாவிக்கிற தலை பரந்த கட்டை ஆணியும் சின்னச் சுத்தியலும் காணும், நேரம்தான் மூண்டு மடங்கு.

அலன் கீ (போல்ற் கழட்டுற ஆறு மூலை வளைஞ்ச சாவி) 4 இல்லாட்டி 5 மில்லிமீற்றர், தட்டை வாய் ஸ்குரூ டிரைவர், குறடு, நல்ல கத்தரிக்கோல், மாக்கர் பேனை, தையல் அளவு நாடா. சப்பாத்து ஒட்டுற கம் கொஞ்சம். பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தம் ஒண்டு இருந்தா எடுத்து வையுங்கோ, ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

துணி எண்டு பாத்தா ஆக்கள் முதல் கேக்கிறது றெக்சினோ துணியோ எண்டு. என்னைக் கேட்டா எங்கட வெக்கைக்கு ஏசி இல்லாத அறையில றெக்சின் வேண்டாம், வேர்வையில முதுகு ஒட்டிக்கொண்டு எழும்பேக்க சர்ரெண்டு சத்தம் வரும். ஆனா சின்னப்பிள்ளையள் ரீ ஊத்துற வீடெண்டா றெக்சின்தான், ஈரத்துணியால துடைச்சா முடிஞ்சுது. துணியெண்டா டெனிம், கன்வஸ், இல்லாட்டி யன்னல் திரைச்சீலைக்கு வாற தடிச்ச துணி. சறம், சாறி, பெட்சீற் ஒண்டும் நிக்காது, ஆறு மாதத்தில முழங்கால் மடியிற முன் விளிம்பில தேய்ஞ்சு போடும். கோடு போட்டது, கட்டம் போட்டது முதல்தரம் செய்யிற ஆக்களுக்கு வேண்டாம், கால் அங்குலம் சரிஞ்சாலும் கோடு காட்டிக் குடுத்திடும். நான் முதல் கதிரைக்குக் கோடு போட்டதுதான் எடுத்தனான், இப்பவும் அதில ஆரும் வந்து இருந்தா தலையைச் சரிச்சுப் பாத்திட்டுத்தான் இருப்பினம்.

யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் துணிக்கடையளில றோல் முடியிற வெட்டுத்துண்டு இருக்கோ எண்டு வாய் திறந்து கேளுங்கோ, கேக்காட்டித் தரமாட்டினம். ஓட்டோவுக்கும் பஸ்சுக்கும் சீற் அடிக்கிற குசன் கடையளிலயும் றெக்சின் துண்டு மிஞ்சும், எங்களுக்கு ஒரு சீற்றுக்குத்தானே வேணும்.

எவ்வளவு வேணும் எண்ட கணக்கு இப்பிடி. சீற் 19 அங்குல அகலம், 18 அங்குல ஆழம், ஸ்பொஞ் 2 அங்குலத் தடிப்பு எண்டு வையுங்கோ. ஒவ்வொரு பக்கத்துக்கும் தடிப்புக்கு 2, அடியில மடிச்சுப் பிடிக்க 2, மொத்தம் 4 அங்குலம் கூட்டவேணும். அப்ப 27க்கு 26. முதுகு 17க்கு 18, ஸ்பொஞ் ஒண்டரை அங்குலம் எண்டா ஒரு பக்கத்துக்கு மூண்டரை, அப்ப 24க்கு 25. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா அகலம் 51 அங்குலம், 54 அங்குல அகலத் துணியில வடிவா அடங்கும், நீளம் 26 அங்குலம், முக்கால் யாருக்குள்ள வரும். நீங்கள் ஒரு யார் எடுங்கோ, முதல்தரம் கை பிழைக்கும். 45 அங்குல அகலத் துணி எண்டா உந்தக் கணக்கு சரிவராது, ரெண்டையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா வைச்சுத்தான் வெட்டவேணும், ஒண்டரை யார் எடுங்கோ. பருத்தித் துணியெண்டா வெட்ட முந்தி ஒருக்காத் தோய்ச்சுக் காயவிடுங்கோ, சுருங்கிறதெல்லாம் அப்பவே சுருங்கட்டும்.

ஸ்பொஞ்சில காசு பிடிக்காதேங்கோ

முதல் கதிரைக்கு நான் துணிக்குக் கூடக் காசு குடுத்து, ஸ்பொஞ் என்னவாயிருந்தா என்ன எண்டு வெள்ளைக் கலர்ல மெதுமெதுவெண்டு இருந்த ஒண்டை வேண்டிக்கொண்டு வந்தனான். முதல் கிழமை ராசா மாதிரி இருந்தன். மூண்டாம் மாதம் அது அப்பளம் மாதிரி. துணி புத்தம்புதுசா இருக்குது, கீழ பலகை இடுப்பில குத்துது.

ரெண்டாவதரம் ஒரு குசன் கடைக்குப் போனன். அங்க இருந்த அண்ணை என்ர பழைய துண்டை விரலால நசுக்கிப் பாத்திட்டுச் சிரிச்சவர். "தம்பி இது தலைகாணிக்குப் போடுறது, உமக்கு ஆர் இதைக் கதிரைக்குத் தந்தது? துணி பாக்கிறவனுக்கு, ஸ்பொஞ் இருக்கிறவனுக்கு, நீர் மாறிச் செய்திருக்கிறீர்."

அவர் சொல்லித்தான் டென்சிற்றி எண்டதே விளங்கினது. ஒரு கன மீற்றர் ஸ்பொஞ் எத்தனை கிலோ நிறுக்குமோ அதுதான் டென்சிற்றி. நாள் முழுக்க ஆள் இருக்கிற சீற்றுக்கு 30க்கு மேல வேணும், முதுகுக்கு 20, 25 காணும், முதுகில பாரம் குறைவு. கடையில நம்பரைச் சொன்னாலும் நம்பாதேங்கோ, நிறுத்துப் பாருங்கோ, இது ஒரு சோலியும் இல்லாத வேலை. 20 அங்குலத்துக்கு 20 அங்குலம், 2 அங்குலத் தடிப்புத் துண்டு ஒண்டு, டென்சிற்றி 32 எண்டா ஏறக்குறைய 420 கிராம் நிறுக்கும். 210 கிராம்தான் நிக்குதெண்டா அது 16, வைச்சிட்டு வாங்கோ. குசினித் தராசிலயே பாக்கலாம், என்ர முதல் ஸ்பொஞ்சைப் பிறகு நிறுத்துப் பாத்தனான், எழுத வெக்கமாக் கிடக்கு.

டென்சிற்றி வேற, இறுக்கம் வேற. பாரமான ஸ்பொஞ்சும் மெதுவா இருக்கலாம், பாரமில்லாததும் இறுக்கமா இருக்கலாம். அதால கைமுட்டியால அமத்திப் பாருங்கோ, பாதிக்குக் கொஞ்சம் கூட இறங்கி நிக்கவேணும், கையை எடுத்த உடன டக்கெண்டு மேல வரவேணும். மெல்ல மெல்ல நித்திரையால எழும்புற மாதிரி வந்தா வேண்டாம். காசு கொஞ்சம் இடம் குடுத்தா கீழ ஒண்டரை அங்குலம் இறுக்கமானது, மேல அரை அங்குலம் மெதுவானது எண்டு ரெண்டு படையா வையுங்கோ, சுகம் வேற மாதிரி.

வீட்டில இலவம் பஞ்சு கிடக்கு, அதை அடைச்சா என்ன எண்டு என்ர சித்தி கேட்டவ. பஞ்சு தலைகாணிக்குச் சரி, இருக்கிற இடத்தில ரெண்டு கிழமையில கட்டி கட்டியாகி ஒரு பக்கம் ஒதுங்கும். முந்தி மெத்தைக்கு அடைச்ச தும்பு நிக்கும்தான், ஆனா துணியால குத்தும்.

கழட்டுறது

இனி வேலை. விறாந்தையில வெளிச்சமான இடமாப் பாத்து ஒரு உரப்பையை விரியுங்கோ. ஃபோனை எடுத்து கதிரையை நாலு பக்கமும் அடிப்பக்கமும் படம் எடுங்கோ, அலுப்பா இருந்தாலும் எடுங்கோ. சீற்றுக்கு அடியில உயர்த்தித் தாழ்த்துற பிடி வாற இரும்புத் தட்டு ஒண்டு இருக்கும், அது நாலு போல்றில நிக்கும், அந்தத் தட்டில எது முன் பக்கம் எண்டு மாக்கரால அம்புக்குறி போடுங்கோ. மாறிப் பூட்டினா கதிரை முன்னுக்குச் சரியும், இருந்தா வழுக்கிக்கொண்டு போற மாதிரி இருக்கும்.

போல்றுகளை ஒண்டாப் போட்டுக் குலைக்காதேங்கோ. கைபிடிக்கு வாற போல்ற் நீளம் ஒண்டு, சீற் தட்டுக்கு வாறது ஒண்டு, நீளமானதை கட்டையானது இருந்த இடத்தில பூட்டினா பலகையையும் தாண்டி ஸ்பொஞ்சுக்குள்ள போய் நிக்கும், ஆள் இருக்கேக்கதான் தெரியும் எங்க நிக்குதெண்டு. ஒரு மட்டையில கதிரை அடிப்பக்கத்தைக் கீறி, எடுத்த போல்றை எடுத்த இடத்திலயே குத்தி வையுங்கோ. அப்பாவுக்கு இந்த மட்டை வேலையெல்லாம் சரிவராது, அவருக்கு எல்லாத்துக்கும் ஜாம் போத்தல்தான், தொண்ணூறுகளில யுத்தத்தில பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தலில திரி போட்டு விளக்குக் கொளுத்தின ஆக்கள், போத்தல் எறியவே விடமாட்டினம். பரவாயில்லை, போத்தல் எண்டா ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு போத்தல்.

போல்ற் கறள் பிடிச்சு அசையாட்டி மல்லுக்கட்டாதேங்கோ, தலை தேய்ஞ்சா பிறகு கடைசிவரைக்கும் கழட்ட ஏலாது. மண்ணெண்ணை இல்லாட்டி தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, போய் ரீ குடிச்சிட்டு வாங்கோ. எண்ணெய் ஊறினா அசையும்.

முதுகுப் பக்கம் பின்னால பிளாஸ்ரிக் மூடி இருந்தா முதல் ஸ்குரூ இருக்கோ பாருங்கோ, சிலதில ஸ்ரிக்கருக்குக் கீழ ஒளிஞ்சிருக்கும். ஸ்குரூ இல்லையெண்டா கிளிப்பில நிக்குது, கீழ் விளிம்பில ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து மெல்ல நெம்புங்கோ, டக் டக்கெண்டு விடும். வலை முதுகுக் கதிரையெண்டா உங்களுக்குப் பாதி வேலை மிச்சம், முதுகைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது பழைய குத்தூசி புடுங்கிறது. இதுதான் முழு வேலையிலயும் அரியண்டமான பகுதி, ஒரு சீற்றில நூறுக்கு மேல இருக்கும். தட்டை ஸ்குரூ டிரைவரை ஊசிக்குக் கீழ கொடுத்து ஒரு பக்கம் கிளப்பிப்போட்டு குறடால இழுங்கோ. கண்ணாடி போடுற ஆக்கள் போட்டுக்கொண்டு செய்யுங்கோ, போடாத ஆக்கள் ஆரின்ரயாவது இரவல் எடுங்கோ, சிலது பறந்து முகத்துக்கு வரும். எங்கட வீடுகளில வெறுங்காலோடதானே திரியிறது, ஒரு குத்தூசி நிலத்தில கிடந்தாலும் ஆற்றையோ காலில ஏறும், அதுக்குத்தான் ஸ்பீக்கர் காந்தம், முடிய நிலத்துக்கு மேலால இழுத்துக்கொண்டு போங்கோ, எத்தினை ஒட்டி வருதெண்டு பாத்தா பயந்திடுவியள்.

பழைய துணியைக் கிழிக்காதேங்கோ, உரிஞ்சு நாறிக் கிடந்தாலும் முழுசா எடுங்கோ. அதுதான் உங்கட அளவு. அதை விரிச்சு முன்பக்கம், பின்பக்கம் எண்டு எழுதி, புதுத் துணிக்கு மேல வைச்சு சுத்திவர ஒரு அங்குலம் கூட விட்டு வெட்டினா தையல்காரர் வெட்டின மாதிரி வரும்.

இப்ப பலகை வெறுமையா இருக்கும். அதில போல்ற் ஏறுற ஓட்டையளில பல்லு வைச்ச சின்ன நற் உள்ளுக்க அடிச்சிருக்கும், அதுகள் ஆடுதோ எண்டு விரலால பாருங்கோ. ஆடினா பலகைக்கு மேல் பக்கத்தால சுத்தியலால தட்டி இருத்துங்கோ, ஓட்டை பெருத்திருந்தா பல்லில கொஞ்சம் மரக் கம் பூசித் தட்டுங்கோ. இதை இப்ப பாக்காட்டி எல்லாம் மூடினாப்பிறகு போல்ற் முடிவில்லாமச் சுத்தும், திரும்ப நூறு ஊசியும் புடுங்கவேணும். இது எனக்கு நடந்தது, அதுவும் வேலை முடிச்சு எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நிக்கேக்க.

ஸ்பொஞ் வெட்டி ஒட்டுறது

பலகையை ஸ்பொஞ்சுக்கு மேல வைச்சுக் கீறி, கோட்டிலயிருந்து கால் அங்குலம் வெளியால வெட்டுங்கோ, துணி இழுக்கேக்க அது அமந்து விளிம்பு உருண்டையா வரும். கத்தரிக்கோலால வெட்டினா எலி கடிச்ச மாதிரி வரும். பாண் வெட்டுற பல்லுக் கத்தி நல்லம், இல்லாட்டி இரும்பு அறுக்கிற அக்சோ பிளேட். அமத்தாம நீளமா இழுத்து இழுத்து அறுங்கோ.

முன் விளிம்பை மட்டும் கொஞ்சம் சரிச்சுச் சீவிவிடுங்கோ, அதாவது கால் மடியிற இடம் கூர் முனையா நிக்காம கீழ நோக்கி வழியிற மாதிரி. கன நேரம் இருந்து வேலை செய்யிற, படிக்கிற ஆக்களுக்குத் தொடைக்குக் கீழ அமத்தாது, கால் விறைக்கிறது குறையும். கடையில வேண்டின கதிரைக்கும் இதைத்தான் செய்திருப்பினம், பழைய ஸ்பொஞ்சைப் பாத்தாத் தெரியும்.

கம் பலகையிலயும் ஸ்பொஞ்சிலயும் ரெண்டிலயும் மெல்லிசாப் பூசி, பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டு, விரல் வைச்சா ஒட்டுது ஆனா விரலில வரேல்ல எண்ட பதத்தில ஒட்டுங்கோ. ஒட்டினா ஒட்டினதுதான், திரும்ப நகர்த்த ஏலாது, அதால ஒரு விளிம்பை நேர் பாத்து வைச்சு மெல்ல மெல்லப் படுக்கவிடுங்கோ. விறாந்தையிலதான் செய்யுங்கோ, மணம் தலையிடி குடுக்கும், பக்கத்தில நுளம்புத்திரி, சாமி விளக்கு ஒண்டும் வேண்டாம், அந்த ஆவி பத்தும். துணி அழுக்காகாது எண்டு ஸ்பொஞ்சுக்கு மேல பொலித்தீன் சுத்துறவையும் இருக்கினம், நான் வேண்டாம் எண்டுவன், அசையேக்கெல்லாம் சரசரெண்டு கச்சான் பை மாதிரிச் சத்தம், வேர்வையும் உள்ளுக்க நிக்கும். பழைய மெல்லிசுப் போர்வை ஒரு படை போட்டா ஸ்பொஞ் விளிம்பு துணியால தெரியாது.

துணி இழுக்கிறது

துணியைக் கவிட்டு விரிச்சு, நடுவில ஸ்பொஞ் கீழ பாக்கிறமாதிரி சீற்றை வையுங்கோ. துணியின்ர நூலோட்டம் சீற்றுக்கு நேரா இருக்கவேணும், குறுக்கு மறுக்கா வைச்சா ஒரு மாதத்தில தொய்ஞ்சு அலை அலையா நிக்கும். துணியில நாலு பக்க நடுவையும் பலகையில நாலு பக்க நடுவையும் மாக்கரால அடையாளம் போட்டு, ரெண்டும் சந்திக்கிற மாதிரி வையுங்கோ.

இனித்தான் முக்கியமான இடம், அந்தரப்படாதேங்கோ. ஒரு பக்கத்தை முழுக்க அடிச்சு முடிச்சிட்டு மற்றப் பக்கத்தை இழுக்கிற பழக்கம்தான் எல்லாருக்கும் முதல் வாறது. நானும் அப்பிடித்தான் செய்தனான், துணி முழுக்க ஒரு மூலைக்கு ஓடி, கோடெல்லாம் ஒழுங்கை மாதிரி வளைஞ்சு போச்சு. முன் பக்க நடுவில ஒரு ஊசி, பிறகு நேரெதிர் பின் பக்க நடுவில இழுத்து ஒண்டு, பிறகு இடது நடு, வலது நடு. நாலே நாலு ஊசி. இப்ப சீற்றை நிமித்திப் பாருங்கோ. சரிஞ்சிருந்தா இப்பவே புடுங்கி அடியுங்கோ, நாலு ஊசி புடுங்கிறது ஒரு வேலையே இல்லை. சரியெண்டா ஒவ்வொரு நடுவிலயிருந்தும் மூலையை நோக்கி ரெண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு ஒண்டா அடிச்சுக்கொண்டு போங்கோ, முன்னுக்கு மூண்டு எண்டா பின்னுக்கு மூண்டு, இடது மூண்டு, வலது மூண்டு. மூலைக்கு மூண்டு அங்குலம் இருக்க நிப்பாட்டுங்கோ.

எவ்வளவு இறுக்கி இழுக்கிறது? தவிலுக்குத் தோல் இழுக்கிற மாதிரி வேண்டாம், அப்பிடி இழுத்தா ஸ்பொஞ் அமந்து நீங்கள் காசு குடுத்த சுகமெல்லாம் போடும், ஊசி அடிச்ச இடத்தில துணி பள்ளம் பள்ளமா வரும். உள்ளங்கையால மேல தடவினா சுருக்கு ஒண்டும் சேர்ந்து வரக்கூடாது, அவ்வளவுதான். றெக்சின் எண்டா இழுக்க முந்தி பத்து நிமிசம் வெயிலில போடுங்கோ, எங்கட வெயிலுக்கு நல்லா இளகும், மூலையில சொன்ன சொல் கேக்கும்.

மூலை. மேசைக் கதிரை மூலை கூடுதலா உருண்டைதான். முதல் மூலையின்ர நடு நுனியை இழுத்து உள்ளுக்க ஒரு ஊசி அடியுங்கோ. இப்ப அதுக்கு ரெண்டு பக்கமும் துணி பொங்கி நிக்கும். அதை ஒரே மடிப்பா மடிக்கப் போகாதேங்கோ, சாறிக்குக் கொய்யகம் வைக்கிற மாதிரி விரல் நுனியால சின்னச் சின்னதா மடிச்சு, ஒவ்வொரு மடிப்பும் நடுவைப் பாக்கிற மாதிரி அமத்தி, மடிப்புக்கு ஒரு ஊசி. ஒரு கையால மடிப்பைப் பிடிச்சு மற்றக் கையால கன்னை அமத்தக் கஸ்டம், ஆரையும் கூப்பிடுங்கோ, என்ர மருமகன் பெடியன் பிடிச்சவன், விரலைத் தள்ளிப் பிடியடா எண்டு நான் பத்துத்தரம் கத்தினனான். மடிப்புகள் பலகைக்கு அடியிலயே முடியவேணும், பக்கத்தில தெரிஞ்சா அந்த மூலையை மட்டும் புடுங்கித் திரும்ப. முதல் மூலைக்கு எனக்கு அரை மணித்தியாலம், நாலாவது அஞ்சு நிமிசம், அதால பின் பக்க மூலையில துவங்குங்கோ, பழகாத கை முன்னுக்குத் தெரியாது.

சில ஊசி முழுக்க இறங்காம நிக்கும், சுத்தியலால ஒரு தட்டு. மிஞ்சின துணியை ஊசியிலயிருந்து அரை அங்குலம் விட்டு வெட்டுங்கோ, கிட்ட வெட்டினா நூல் பிரிஞ்சு கழண்டிடும். போல்ற் ஓட்டை ஏதும் துணிக்குக் கீழ போயிட்டுதோ எண்டு பாருங்கோ, முக்கியமா கைபிடி வாற ஓட்டை விளிம்போட இருக்கும். மூடியிருந்தா அந்த இடத்தில சின்னதா குறுக்குவெட்டு ஒண்டு. பிறகு அடிப்பக்கத்தை மூட ஒரு கறுப்புத் துணியோ துப்பரவான உரப்பைத் துண்டோ நாலு ஊசியில அடிச்சா வடிவு, அடிக்காட்டியும் ஒருத்தரும் கவிட்டுப் பாக்கப்போறதில்லை. கடற்கரைப் பக்கத்து ஆக்கள் மட்டும் அடியுங்கோ, உப்புக்காத்துக்கு ஊசி கெதியாக் கறள் பிடிக்கும்.

முதுகும் இதே மாதிரித்தான், ஸ்பொஞ் மெல்லிசு, வேலையும் சுகம். ஒண்டு மட்டும், பின் மூடி திரும்பக் கிளிப்பில இருக்கவேணும், அதால கிளிப் போற இடத்தில துணியும் ஊசியும் குவியாமப் பாருங்கோ.

திரும்பப் பூட்டேக்க ஒரு போல்றையும் முதல்லயே இறுக்காதேங்கோ. எல்லாத்தையும் கையால நாலு சுத்துச் சுத்தி ஏத்தின பிறகுதான் அலன் கீயால குறுக்கு மறுக்கா இறுக்கிறது, ஒண்டை முதல்ல இறுக்கினா மற்ற ஓட்டை நேருக்கு வராது. கவிட்டுக் கிடக்கிற நேரத்திலயே சில்லுகளை இழுத்துக் கழட்டி சுத்தியிருக்கிற தலைமயிரையும் நூலையும் வெட்டி எடுங்கோ, எங்கட வீட்டில ஒரு சில்லில இருந்து மட்டும் அம்மாவின்ர, அக்காவின்ர எண்டு ஒரு பின்னல் வந்தது. கைபிடி உரிஞ்சிருந்தா பழைய டெனிம் காற்சட்டைக் காலில ஒரு உறை தைப்பியுங்கோ.

புது ஸ்பொஞ் ஒரு கிழமையில கொஞ்சம் அமரும், பலகையும் தட்டில அமந்து இருக்கும், அப்ப போல்ற் இளகும், ஒரு கிழமை கழிச்சு எல்லாத்தையும் ஒருக்கா இறுக்குங்கோ. மிஞ்சின துணியை எறிஞ்சு போடாம ஒரு பையில சுத்தி, அலன் கீயையும் அதுக்குள்ள போட்டு, சீற்றுக்கு அடியிலயே ரெண்டு ஊசியில அடிச்சு விடுங்கோ, எங்கயாவது கிழிஞ்சா ஒட்டுப்போட அதே துணியைத் தேடி ரவுண் முழுக்க அலையத் தேவையில்லை.